வேர் கழுவும் வகுப்பு

இன்று முதலாமாண்டு மாணவர்களுக்கு வேர் கழுவக் கற்றுக்கொடுத்தேன். இத்தனை வருட ஆராய்ச்சியில் எனக்கு ரொம்பப் பிடித்த வேலை இதுதான். மண்ணோடு பெயர்த்த செடியை நீரில் ஊறவைத்து, சல்லடை மேல் மெல்லத் தண்ணீர் விட வேண்டும். அவசரப்பட்டால் போச்சு, நுனிவேர்கள் அறுந்துவிடும்.

தட்டில் மிதந்த வேர்களை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிரித்த ஒரு மாணவி, “இவ்வளவா சார்!” என்றாள். அப்புறம் டிட்மர் என்ற தாவரவியலாளரின் கணக்கைச் சொன்னேன். 1937-இல் அவர் வெளியிட்டது. கோதுமைக்கு உறவான ரை செடி, நான்கு மாத வயது. ஒரே செடியில் வேர்களின் மொத்த நீளம் 620 கிலோமீட்டர். வேர்மேல் முடிபோல் முளைக்கும் வேர்த்தூவிகளைக் கூட்டினால் 10,000 கிலோமீட்டரைத் தாண்டும். அத்தனையும் ஒரு பெட்டி மண்ணுக்குள்!

வகுப்பு முடிந்தும் அவள் எழுந்திருக்கவில்லை. கடைசித் தட்டு முடியும்வரை நானும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.