மாத்திரையின் நேரமும் நம் ஷிஃப்டின் நேரமும்

ஆஸ்திரேலியாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஆதரவுப் பணிக்குப் புதிதாக வரும் நம்மவர்கள் பலருக்கு, பார்க்கின்சன் என்றதும் கை நடுங்கும் முதியவர்தான் நினைவுக்கு வருகிறார். ஐம்பது வயதுக்கு முன்பே இந்நோய் கண்டறியப்பட்டவரின் வீட்டுக்கு அந்த எண்ணத்தோடு போனால் முதல் நாளே தடுமாறிப் போவோம். அங்கே வீட்டுக் கடன் இருக்கும், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருப்பார்கள், விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் வேலையும் இருக்கும். நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸுக்கு நோய் உறுதியானது 1991இல், அவருடைய 29ஆம் வயதில். அதை அவர் வெளியே சொன்னது 1998இல்தான்.

நாம் முதலில் அறிய வேண்டியது மாத்திரையின் நேரம். பார்க்கின்சனுக்கான முக்கிய மருந்தான லெவோடோபா வேலை செய்யும்வரை தாமே சட்டைப் பொத்தானைப் போட்டு, காய்கறியும் நறுக்கும் ஒருவருக்கு, அதன் வீரியம் இறங்கியதும் நாற்காலியை விட்டு எழுவதே பெரும்பாடாகிவிடும். காலையில் முதல் மாத்திரை வேலை செய்யத் தொடங்கும் முன், சிலருக்குக் கால்விரல்கள் சுருண்டு, பாதம் உள்பக்கமாக முறுக்கிக்கொண்டு வலிக்கும். அடுத்த வீட்டுக்கு நேரமாகிறது என்பதற்காக அந்த வேளையில் அவரைக் குளிக்க அவசரப்படுத்துவது, என்னைக் கேட்டால், கொடுமை. இளம் வயதில் நோய் தொடங்கியவர்களுக்கு, மருந்தின் விளைவாகக் கழுத்தும் தோள்களும் தாமாகவே நெளியும் அசைவுகள் சீக்கிரமே வருவதுண்டு. கடைக்குக் கூட்டிப்போனால், குடித்திருக்கிறார் என்று பார்ப்பவர்கள் ஒதுங்கிப் போவதை நானே கண்டிருக்கிறேன். முகத்தசைகள் இறுகுவதால் சிரிப்பு வெளியே தெரியாது. அதைக் கோபமென்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஷிஃப்ட் முடிவில் நாம் எழுதும் குறிப்பில் “தாமே குளித்தார்” என்று மட்டும் இருந்தால், அதைப் படிப்பவர் அவருக்கு உதவியே தேவையில்லை என்று முடிவுகட்டிவிடலாம். எப்போது மாத்திரை எடுத்தார், எத்தனை மணிக்குக் குளித்தார், அதற்கு முன் எழுந்து நிற்க எவ்வளவு உதவி தேவைப்பட்டது என்பதையும் சேர்த்து எழுதினால்தான், மாற்றுத்திறனாளிகளின் ஆதரவுக்கு அரசு நிதி தரும் என்.டி.ஐ.எஸ்.-இல் அவருக்கான திட்டத்தை மறுபரிசீலனை செய்யும்போது அவருடைய ஏற்ற இறக்கம் கணக்கில் வரும்.

சாப்பாட்டிலும் கவனம் தேவை. புரதம் லெவோடோபா உடலில் சேர்வதற்குப் போட்டியாக நிற்கும் என்பதால், சிலருக்கு முட்டையும் பருப்பும் மாத்திரையோடு ஒத்துப்போவதில்லை. மருத்துவர் சொன்ன இடைவெளியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இந்நோய்க்குத் தரப்படும் பிரமிபெக்சோல் போன்ற மருந்துகளால் சிலருக்குச் சூதாட்டத்திலோ பொருள் வாங்கிக் குவிப்பதிலோ அடக்க முடியாத நாட்டம் வரும். வாசலில் பார்சல்கள் குவிவதைக் கண்டால் ஊதாரித்தனம் என்று முணுமுணுக்காமல், அவரிடமே பக்குவமாகப் பேசி, மருத்துவரிடம் சொல்ல வழி செய்ய வேண்டும். அதற்காக மாத்திரையைத் திடீரென நிறுத்துவது ஆபத்து.

மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் மாத்திரை நேர அட்டவணையை மறக்காமல் கையில் கொடுத்தனுப்புங்கள். வாந்திக்குத் தரப்படும் மெட்டோகுளோபிரமைடு என்ற மருந்து, உடலசைவுக்குத் தேவையான மூளை வேதிப்பொருளான டோபமினைத் தடுத்து நோயை மோசமாக்கும் என்பதால், அவருக்குப் பார்க்கின்சன் இருப்பதை ஊசி போட வரும் செவிலியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.