ஒளிக்கு நிறம் மாறும் மூலக்கூறும் ஓர் ஒளியிழையும்: என் எம்.எஸ்ஸி. புராஜெக்ட்

கொழிஞ்சாம்பாறையில் தமிழ் வழியில் படித்துவிட்டு, பாலக்காட்டில் எம்.எஸ்ஸி. வேதியியல் சேர்ந்தேன். ஒளிக்கு மாறும் மூலக்கூறை ஒளியிழையில் (ஒளியைக் கடத்தும் மெல்லிய இழை) பூசி, புற ஊதாக் கதிரை உணர்வதுதான் என் புராஜெக்ட். இதே பக்கம் வர நினைக்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

வேதியியல்காரர்கள் மூலக்கூறைக் கரைத்துக் குடிப்போம், இழையைக் கண்டுகொள்ள மாட்டோம். நானும் அப்படித்தான். புற ஊதாக் கதிர் பட்டால் நிறம் பெறும் ஸ்பைரோபைரான் என்ற மூலக்கூறு கலந்த அக்ரிலிக் படலத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி வராந்தா வெயிலில் நீட்டினேன். நிறமே இல்லாத படலம் கண்முன்னே ஊதாவானது! அந்தச் சந்தோஷத்தில் அதையே இழைமேல் பூசினேன். இரண்டு வாரம் ஸ்பெக்ட்ரோமீட்டரில் (ஒளியை நிறவாரியாக அளக்கும் கருவி) ஓர் அசைவும் இல்லை.

ஒளி போவது இழையின் நடுப்பகுதியான உள்ளகத்தில். அதைச் சுற்றி இருப்பது மேலுறை. நான் பூசியது மேலுறைக்கும் மேலே. ஒளி உள்ளகத்தின் எல்லையில் பட்டு முழுதும் உள்ளேயே திரும்புவதுதான் முழு அக எதிரொளிப்பு. அப்போது எல்லையைத் தாண்டி எட்டிப் பார்க்கும் அலை சில நூறு நானோமீட்டரில் தேய்ந்துவிடும். மூலக்கூறு அங்கேயே இருக்க வேண்டும். பிளாஸ்டிக் உறை போட்ட சிலிக்கா இழை வாங்கி, நடுவில் மூன்று சென்டிமீட்டர் உரித்தேன். கண்ணாடி உறையென்றால் அதை நீக்க ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் வேண்டும். தோலைத் தாண்டி எலும்பு வரை அரிக்கும். தனியாக அதைத் தொடவே தொடாதீர்கள்.

அப்புறம் ஒளிவிலகல் எண், அதாவது ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற அளவு. சிலிக்கா 1.46, அக்ரிலிக் 1.49. படலத்தின் எண் கூடுதலாக இருந்தால் ஒளி இழையை விட்டு ஒழுகிவிடும். 1.41 உள்ள சிலிக்கோனுக்கு மாறிய பிறகுதான் சீரான அளவீடு வந்தது.

வைவாவில் (வாய்மொழித் தேர்வு) தேர்வாளர் கேட்ட முதல் கேள்வி: "நீ அளக்க விடும் ஒளியே மூலக்கூறைத் திருப்பிவிடாதா?" திருப்பும். ஊதா வடிவம் கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சித்தான் நிறமிழக்கிறது. அதனால் விளக்கை மங்கலாக்கி, அளக்கும் சில நொடி மட்டும் திறந்தேன். விளக்கைத் திறந்தே வைத்து எடுத்த வரைபடத்தையும் பக்கத்தில் ஒட்டியிருந்தேன். அந்தப் பக்கத்தைத்தான் அவர் அதிக நேரம் பார்த்தார்.

ஒளிக்கு மாறும் மற்ற மூலக்கூறுகளைப் பற்றியும் கேட்பார்கள். சாதாரண அசோபென்சீன் இருட்டில் பழைய வடிவத்துக்குத் திரும்ப நாள்கணக்காகும். அதன் ஒரு முனையில் அமினோ தொகுதியும் மறுமுனையில் நைட்ரோ தொகுதியும் இருந்தால் நொடிகளில் திரும்பும். டையரில்எத்தீன் வெப்பத்தால் திரும்பாது, ஒளிதான் வேண்டும்.

ஸ்பைரோபைரான் வெப்பத்துக்கும் திரும்பும். பாலக்காட்டு மார்ச் மதியத்தில் எடுத்த அளவும் காலை எட்டு மணி அளவும் ஒத்துவராது. ஒவ்வோர் அளவுக்குப் பக்கத்திலும் அறையின் வெப்பநிலையைக் குறித்துவையுங்கள்.