கேட்டலாக் மறந்ததை டேப்பில் தேடியபோது

நான் வேலை பார்க்கும் நிறுவனத்தில் முன்பெல்லாம் பேக்கப் என்றால், ஒவ்வொரு சர்வரிலும் இரவு ஒரு மணிக்கு ஓடி, மாறிய கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் ஸ்கிரிப்டும், அது கொண்டுவந்து கொட்டும் ஒரு வெளி வட்டும்தான். சர்வர்களின் எண்ணிக்கை 14 ஆனபோது, எந்த ஸ்கிரிப்ட் ஓடியது, எது பாதியில் நின்றது என்று காலையில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதே தனி வேலையாகிவிட்டதால், பாக்குலா என்ற திறமூல மென்பொருளை நிறுவும் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. கெர்ன் சிப்பால்ட் என்பவர் 2000-இல் எழுதத் தொடங்கி 2002-இல் வெளியிட்ட மென்பொருள் அது. பேக்கப், டிராகுலா என்ற இரண்டு சொற்களையும் ஒட்டி, இரவில் வந்து கணினிகளின் சாரத்தை உறிஞ்சிச் செல்வது என்ற கேலியோடு அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

பழைய ஸ்கிரிப்டில் ஒரே கோப்புக்குள் அடங்கிக் கிடந்த வேலை, இங்கே பலர் கையில் பிரிந்து கிடக்கிறது. எந்தச் சர்வரில், எப்போது, எதை எடுத்து, எங்கே வைக்க வேண்டும் என்று முடிவெடுப்பது டைரக்டர். ஒவ்வொரு சர்வரிலும் இருந்துகொண்டு கோப்புகளைப் படித்துக் கொடுப்பது ஃபைல் டீமன் (டீமன் என்றால் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் நிரல்). அதை வாங்கிக் காந்த டேப்பிலோ வட்டிலோ எழுதுவது ஸ்டோரேஜ் டீமன். எந்தக் கோப்பு எந்த நாளில் எந்த டேப்பில் எழுதப்பட்டது என்ற கணக்கைத் தரவுத்தளத்தில் வைத்திருப்பது கேட்டலாக். எங்களுடையது போஸ்ட்கிரெஸ்ஸில் இருக்கிறது. நாம் கட்டளையிடும் இடம் பிகான்சோல். கையேட்டின் தொடக்கத்திலேயே இவற்றைப் படமாகப் போட்டிருந்தார்கள். பார்த்தவுடன் புரிந்துவிட்டதாகத்தான் நானும் நினைத்தேன்.

புரியவில்லை என்பது முதல் இரவிலேயே தெரிந்தது. டைரக்டரையும் ஸ்டோரேஜ் டீமனையும் ஒரே கணினியில் நிறுவியிருந்ததால், டைரக்டரின் அமைப்புக் கோப்பில் ஸ்டோரேஜின் முகவரியாக லோக்கல்ஹோஸ்ட், அதாவது ‘இதே கணினி’, என்று எழுதி வைத்திருந்தேன். அந்தக் கணினியின் பேக்கப் மட்டும் ஒழுங்காக முடிந்தது. மற்ற சர்வர்களின் வேலைகள் எல்லாம், கிளையன்ட் (அந்தச் சர்வரின் ஃபைல் டீமன்) ஸ்டோரேஜோடு இணையக் காத்திருப்பதாக ஒரே வரியைக் காட்டியபடி நெடுநேரம் நின்று தோற்றுப் போயின. ஃபயர்வாலில் டைரக்டர், ஃபைல் டீமன், ஸ்டோரேஜ் டீமன் ஆகியவற்றுக்கு உரிய 9101, 9102, 9103 என்ற மூன்று போர்ட்டுகளையும் (இணைப்பு வாசல்களையும்) திறந்து பார்த்தேன், கடவுச்சொற்களை மறுபடி ஒப்பிட்டேன், எதிலும் பிழையில்லை. என் மனத்தில் இருந்த படத்தில்தான் பிழை இருந்தது. கோப்புகள் டைரக்டரின் வழியாகப் போய்ச் சேருவதாக நான் எண்ணியிருந்தேன். உண்மையில் டைரக்டர் 9102 வழியாக ஃபைல் டீமனை அழைத்து, ‘இந்த முகவரிக்குப் போய் ஒப்படை’ என்று சொல்வதோடு விலகிக்கொள்கிறது. அதன்பிறகு ஃபைல் டீமனே 9103 வழியாக ஸ்டோரேஜ் டீமனை நேரடியாகத் தேடிப் போகிறது. நான் கொடுத்தனுப்பிய முகவரியோ லோக்கல்ஹோஸ்ட். ஒவ்வொரு சர்வரும் தன் வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. முழுப் பெயரைத்தான் இங்கே எழுத வேண்டும் என்று அந்த வரிக்குப் பக்கத்திலேயே குறிப்பு இருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

அடுத்த சறுக்கல் ஃபைல்செட்டில். எதையெல்லாம் எடுக்க வேண்டும் என்ற பட்டியலுக்குத்தான் அந்தப் பெயர். வேர் அடைவை மட்டும் குறிப்பிட்டால் அதன்கீழ் உள்ள அனைத்தும் வந்துவிடும் என்று நம்பி, ஒற்றைச் சாய்கோட்டை எழுதிவிட்டேன். ஒரு கோப்பு முறைமையிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டக் கூடாது என்பது பாக்குலாவின் இயல்பான அமைப்பு. எங்கள் சர்வர்களில் பயனர்களின் ஹோம் அடைவு வட்டின் தனிப் பிரிவில் (பார்ட்டிஷனில்) இருந்தது. வேறு கோப்பு முறைமை என்பதால் அதற்குள் இறங்கவில்லை என்று பதிவில் ஒரு வரி சொல்லத்தான் செய்தது. ஆனால் அறிக்கையின் அடியில் பேக்கப் ஓகே என்று இருந்ததால், மேலே இருந்த வரிகளை நான் ஒரு வாரம் படிக்கவேயில்லை. எழுதப்பட்ட அளவு எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக இருப்பதைத் தற்செயலாகப் பார்த்திருக்காவிட்டால், வெறும் இயங்குதளத்தை மட்டும் மாதக்கணக்கில் சேமித்திருப்பேன்.

இவை இரண்டும் தொடக்க நாள் தவறுகள். கேட்டலாக்கைப் புரிந்துகொண்டது பல மாதங்கள் கழித்து, கணக்குப் பிரிவிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்த அன்றுதான். ஏறக்குறைய மூன்று மாதங்களுக்கு முன் அழிக்கப்பட்ட ஓர் எக்செல் கோப்பு தணிக்கைக்கு வேண்டும் என்றார்கள். முழு பேக்கப்பை எல்டிஓ-6 என்ற வகை டேப்புகளில் எடுத்து, ஓராண்டு வரை மேலெழுதாமல் இருக்கும்படி வைத்திருந்ததால், ‘பத்து நிமிடத்தில் தருகிறேன், சார்’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பிகான்சோலில் ரீஸ்டோர் கட்டளை கொடுத்தால் வழக்கமாக அடைவு மரம் விரியும். வேண்டிய கோப்பைக் குறித்துவிட்டு வெளியே வரலாம். அன்று மரம் விரியவில்லை. மரத்தில் சேர்க்கக் கோப்புகள் எதுவும் இல்லை, அநேகமாக உங்கள் ரீடென்ஷன் (எத்தனை நாள் வைத்திருப்பது என்ற) விதி அவற்றை நீக்கியிருக்கும், எல்லாக் கோப்புகளையும் மீட்கவா என்று கேட்டு நின்றது.

டேப்பை (பாக்குலாவின் பேச்சில் வால்யூம்) ஓராண்டு காப்பது வால்யூம் ரீடென்ஷன். கேட்டலாக்கில் கோப்புப் பெயர்களை எத்தனை நாள் வைத்திருப்பது என்பது ஃபைல் ரீடென்ஷன். மாதிரி அமைப்பில் அது 60 நாள். எந்த வேலை எந்த டேப்பில் ஓடியது என்பதற்கான ஜாப் ரீடென்ஷன் ஆறு மாதம். மாதிரியில் இருந்த இந்தக் கடைசி இரண்டையும் நான் தொட்டதே இல்லை. எனவே கோப்பு டேப்பில் பத்திரமாக இருந்தது, டேப்பின் பெயரும் தெரிந்தது, ஆனால் அந்த டேப்புக்குள் அப்படியொரு கோப்பு இருப்பது கேட்டலாக்குக்குத் தெரியவில்லை. அதுவரை கேட்டலாக்கை வெறும் ஒரு வசதி என்றே கருதிவந்தேன். அது இல்லாத டேப், அட்டவணை அட்டைகளைக் கரையான் தின்றுவிட்ட நூலகம் போன்றது.

எல்லாவற்றையும் மீட்டுத் தேடலாம் என்றால், அத்தனையையும் இறக்கி வைக்க வட்டில் இடமில்லை. பாக்குலாவோடு வரும் சிறு கருவிகள்தான் கைகொடுத்தன. டேப்பில் எழுதும்போதே ஒவ்வொரு கோப்பின் பெயரையும் பண்புகளையும் உள்ளடக்கத்தோடு சேர்த்தே எழுதுவதால், கேட்டலாக் இல்லாமலும் அதைப் படிக்க முடியும்: பிஎல்எஸ் என்ற கட்டளை பட்டியலிடும், பிஸ்கேன் கேட்டலாக்கையே மீண்டும் கட்டியெழுப்பும், பிஎக்ஸ்ட்ராக்ட் வேண்டிய கோப்பை மட்டும் உருவியெடுக்கும். ஸ்டோரேஜ் டீமன் டிரைவைப் பிடித்து வைத்திருக்கும் என்பதால், முதலில் அன்மவுன்ட் செய்து விடுவித்தேன். பிறகு அந்தக் கோப்பின் முழுப் பாதையை ஒரு சிறு உரைக் கோப்பில் எழுதிக் கொடுத்து பிஎக்ஸ்ட்ராக்டை ஓடவிட்டேன். 2.5 டெராபைட் கொள்ளும் டேப்பை நொடிக்கு 160 மெகாபைட் என்ற உச்ச வேகத்தில் படித்தாலே முழுவதும் முடிய நான்கு மணி நேரத்துக்கு மேலாகும். எங்கள் டிரைவ் அந்த வேகத்தை என்றுமே எட்டியதில்லை. பத்து நிமிடம் என்று சொன்ன கோப்பை மறுநாள் காலையில்தான் கொடுத்தேன்.

அதன்பிறகு ஃபைல் ரீடென்ஷனையும் ஜாப் ரீடென்ஷனையும் வால்யூமுக்கு இணையாக ஓராண்டாக மாற்றினேன். இரவு வேலைகள் முடிந்தபின் கேட்டலாக்கின் நகலை எடுக்கும் வேலையை, மாதிரியில் இருந்தபடி விட்டுவிடாமல், டேப்போடு இன்னொரு கட்டடத்தில் உள்ள கணினிக்கும் அனுப்பும்படி அமைத்தேன். ஒவ்வொரு வேலைக்கும் உரிய பூட்ஸ்ட்ராப் கோப்பும் அங்கேயே போய்ச் சேருகிறது. அந்தச் சிறிய கோப்பு கையில் இருந்தால், டேப்பின் எந்தப் பகுதியில் படிக்கத் தொடங்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு சர்வரின் பழைய கோப்பைக் கண்மூடித்தனமாகத் தேர்ந்தெடுத்து வேறோர் அடைவில் மீட்டுப் பார்க்கிறேன். ரீடென்ஷனை நீட்டியதால் கேட்டலாக்கின் தரவுத்தளம் வேகமாக வளர்ந்து, இருக்கும் வட்டு நிரம்பும் நிலைக்கு வந்துவிட்டது. புதிய வட்டு கேட்டுக் கொடுத்த கடிதம், அந்த எக்செல் கோப்பை வாங்கிக்கொண்ட அதே கணக்குப் பிரிவின் மேசையில் ஒப்புதலுக்காக ஐந்து வாரமாகக் கிடக்கிறது.