ஈரச் சுவருக்குச் சுண்ணாம்பு: பினாங்கு வீட்டில் ஒரு சுவரின் கதை

பினாங்கில் டத்தோ கெராமாட் சாலைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீடு, போருக்கு முன் கட்டப்பட்ட வரிசை வீடு. வாங்கிய ஆண்டிலேயே முன்னறையின் இடப்பக்கச் சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சாயம் கொப்பளித்து உரிந்தது. சுரண்டிவிட்டு, ஈரம் புகாது என்று டப்பாவில் எழுதியிருந்த சாயத்தை இரண்டு முறை அடித்தேன். எட்டு மாதத்தில் அதே இடத்தோடு அதற்கு ஒரு சாண் மேலேயும் கொப்பளித்தபோதுதான், நான் ஈரத்தைத் தடுக்கவில்லை, மேலே ஏற்றிவிட்டிருக்கிறேன் என்பது உறைத்தது.

இந்தப் பழைய வீடுகளின் அடித்தளத்தில் ஈரத்தடுப்புப் படலம் கிடையாது. மண்ணின் நீரைச் செங்கல் திரிபோல உறிஞ்சி மேலே கொண்டுபோகும். அது ஏறக்குறைய ஒரு மீட்டர் வரை ஏறுவது வழக்கம். கட்டிய காலத்தில் சுவர் முழுவதும் சுண்ணாம்புப் பூச்சாக இருந்ததால், ஏறிய நீர் பூச்சின் வழியாகவே ஆவியாகிப் போனது. இறுகலான சிமெண்டையும் பிளாஸ்டிக் தன்மையுள்ள சாயத்தையும் அதன்மேல் ஏற்றினால் நீருக்குப் போக வழியில்லை. வழி கிடைக்கும் உயரம் வரை அது ஏறிக்கொண்டே போகும். 1948-க்கு முன் கட்டிய வீடுகளுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997-இல் நீக்கப்பட்டது. அதுவரை அற்ப வாடகைக்குப் பழுதுபார்க்க மனமில்லாமல் கிடந்து, பிறகு விற்பதற்காக அவசரமாகச் சிமெண்டு பூசப்பட்ட சுவர்களில் எங்களுடையதும் ஒன்று என்பது என் ஊகம்.

பினாங்கில் மழை குறைந்த மாதங்கள் என்பதால் வேலையை ஜனவரியில் தொடங்கினேன். ஈரக் கறை தெரிந்த உயரத்துக்கு மேலும் ஒன்றரை அடி கூட்டிச் சிமெண்டைக் கொத்தி எடுத்தேன். உள்ளே இருந்த செங்கல் கையால் அறுத்தது. நகத்தால் கீறினாலே பொடி உதிரும் மென்மை. உளியைச் சாய்த்துப் பிடித்து, சிமெண்டை நெம்பி எடுக்க வேண்டுமே தவிர நேராக அடிக்கக் கூடாது என்பதை நான்கைந்து செங்கல்லின் முகத்தை உடைத்த பிறகே கற்றுக்கொண்டேன். அதன்பின் சுவரை மூன்று வாரம் வெறுமனே விட்டேன். இரண்டாம் நாளே செங்கல்லின் மேல் பஞ்சுபோல உப்புப் பூத்தது. அதைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளேயே போகும் என்பதால், காய்ந்த தூரிகையால் தேய்த்துத் தரையில் விழுந்ததை உடனுக்குடன் கூட்டி அள்ளினேன். வாரம் இருமுறை இதே வேலை. வீட்டில் எல்லாரும் பொறுமை இழந்தது இந்தக் கட்டத்தில்தான்.

பூச்சுக்கு, நீற்றிப் பல மாதம் ஊறவைத்த சுண்ணாம்புக் களியை நான்கு வாளி வாங்கினேன். சுட்ட சுண்ணாம்பை வீட்டிலேயே நீற்றுவது எனக்குச் சரிப்படாது. தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். களியைக் கையாளும்போதும் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். ஒரு பங்கு களிக்கு மூன்று பங்கு கழுவிய ஆற்று மணல் என்று பிசைந்தேன். கடல் மணலில் உப்பு இருக்கும். அதைச் சேர்த்தால் நாம் கூட்டி அள்ளியதை நாமே திரும்பப் பூசியதாகிவிடும்.

சுவரை நனைத்து, முதல் பூச்சை ஒரு சென்டிமீட்டர் கனத்தில் இட்டேன். சீக்கிரம் காயட்டும் என்று அன்றிரவு மின்விசிறியைச் சுவரின் பக்கம் திருப்பிவைத்ததுதான் தவறு. காலையில் பூச்சு முழுவதும் வலைபோல விரிசல். அக்கம்பக்கத்தில் வேலைக்கு வந்திருந்த வயதான கொத்தனார் எட்டிப் பார்த்துவிட்டு, “காத்தாடிய நிறுத்துங்க தம்பி, இது காயறதுக்குப் பூசறது இல்ல” என்றார். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை வாங்கித்தான் மறுபடி கல்லாகிறது. அதற்குச் சிறிது ஈரம் கூடவே இருந்தாக வேண்டும். அவர் சொன்னபடி நீர் தெளித்து, மரக்கட்டையால் அழுத்தித் தேய்த்தபோது விரிசல்கள் பெரும்பாலும் மூடிக்கொண்டன. ஈரச் சாக்குத் திரையைக் கட்டி, நாளுக்கு இருமுறை நீர் தெளித்து, பத்து நாள் கழித்து இரண்டாம் பூச்சை இட்டேன். அதற்கு மேல் நீர்த்த சுண்ணாம்பு நான்கு முறை. அடிக்கும்போது கண்ணாடிபோலத் தெரிந்தது, காயக் காய வெளுத்தது. பொங்கலுக்கு அம்மா அடிக்கும் அதே வெள்ளைதான்.

இந்தப் பகுதியில் பழைய வீடு பார்க்க வருபவர்கள், சுவரின் கீழ்ப்பாதியில் மட்டும் புதுச் சாயமோ ஓடோ பலகையோ இருந்தால் அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். அஞ்சடியில், அதாவது வீட்டு முகப்பில் கூரையோடு இருக்கும் நடைபாதையில் நின்று, வீட்டின் தரை சாலையைவிட உயரமா தாழ்வா என்று பாருங்கள். சில தெருக்களில் தார் மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்து, வீடு பள்ளத்தில் கிடக்கிறது. மழை பெய்யும் நாளில் ஒருமுறை போய்ப் பார்ப்பது, வெயில் நாளில் மூன்று முறை பார்ப்பதைவிட மேல். பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனின் பழைய பகுதி 2008-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அந்த மண்டலத்துக்குள் வாங்குபவர்கள் உளியை எடுக்கும் முன் மாநகர் மன்றத்திடம் கேட்டுவிட வேண்டும். எங்கள் வீடு அதற்கு வெளியே.

இப்போது அக்டோபர் மழை நடக்கிறது. சுவரின் அடியில் நான்கு விரல் உயரத்துக்கு ஈரம் கருத்துத் தெரிகிறது. வெயில் அடித்த மறுநாள் மறைகிறது. சாய்ந்து உட்கார்ந்தால் சட்டையில் வெள்ளை ஒட்டுகிறது என்று என் மனைவிக்குக் குறை, அதனால் நாற்காலிகளை ஒரு சாண் தள்ளிப் போட்டிருக்கிறோம். படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் சுவரை ஜனவரியில் கொத்த வேண்டும்.