வாசல் திறந்திருந்த கோடை

ஏப்ரல் 7, 2024, ஞாயிறு

உயிர்த்தெழுதல் பண்டிகை முடிந்து ஒரே வாரம். போன ஞாயிறு நிற்க இடமில்லாத ஆலயத்தில் இன்று பின்பக்கத்து ஆறு வரிசைகள் காலி. பாடகர் குழுவில் நான்கே பேர். விடுமுறைக்குப் போனவர்கள் போகட்டும், அதில் குற்றமில்லை. ஆனால் பள்ளி திறக்கும்வரை புதன் ஜெபக்கூட்டத்தை நிறுத்திவைக்கலாம் என்று முடிவானபோது மனம் கனத்துவிட்டது. உயிர்த்தெழுந்தவரைப் பாடிய வாயை ஏழே நாளில் மூடிக்கொள்வதா? புதன்தோறும் நண்பகலில் அரைமணி நேரம் நானே கதவைத் திறந்து வைக்கிறேன், சாவி மட்டும் கொடுங்கள் என்றேன். ஆயர் உடனே கொடுத்தார்.

ஏப்ரல் 10, புதன்

நான் மட்டும்தான். யோவான் 4ஆம் அதிகாரம் வாசித்தேன். சமாரியப் பெண் தண்ணீர் மொள்ள வந்ததும் இதே வேளையில்தான். ஏறக்குறைய ஆறாம் மணி என்று யோவான் எழுதுவது நம் கணக்கில் நடுப்பகல். எத்தனையோ முறை வாசித்த பகுதி. இயேசு நடந்து களைத்துப்போய்க் கிணற்றருகே உட்கார்ந்திருந்தார் என்பது இன்றுதான் உள்ளே இறங்கியது. குடிக்கத் தண்ணீர் கேட்டுத்தான் அவர் பேச்சையே தொடங்குகிறார். அந்த வெயிலும் தாகமும் இல்லையென்றால் அவளுக்கு அந்த உரையாடல் கிடைத்திருக்குமா?

ஏப்ரல் 24, புதன்

ஒரு பாட்டி வந்தார். காது மந்தம். ஞாயிற்றுக்கிழமை ஒலிபெருக்கிச் சத்தத்தில் ஒன்றும் பிடிபடுவதில்லையாம். "சும்மா உட்கார்ந்திருக்கலாமா, தம்பி?" என்றார். 32ஆம் சங்கீதத்தை அவர் காதோரமாய் நிதானமாக வாசித்தேன். பாவத்தை அடக்கிவைத்திருந்தபோது தன் உயிர்ச்சாரம் கோடை வறட்சிபோல வற்றிப்போனது என்று தாவீது புலம்பும் இடத்தில் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "தங்கையோடு பேசிப் பதினொரு வருடம் ஆகிறது." அதற்குமேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் போனபின் பார்த்தேன். முன்பெஞ்சின் பலகையில் அவர் பற்றியிருந்த இடத்தில் நான்கு விரல்களின் ஈரத்தடம் இன்னும் காயாமல் இருந்தது.

மே 1, புதன்

நான்கு பேர். பெரும்பாலும் மௌனம். நிறைவாக இருந்தது.

மே 9, வியாழன்

விண்ணேற்றத் திருநாள். உயிர்த்தெழுந்த ஆண்டவர் 40 நாள் சீடர்களோடு இருந்தார். 50ஆம் நாளில் ஆவியானவர் இறங்கினார். நடுவிலுள்ள அந்தப் பத்து நாளைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. ஆண்டவரும் கண்முன் இல்லை, ஆவியானவரும் இன்னும் வரவில்லை. ஏறக்குறைய 120 பேர் கூடியிருந்தார்கள். யூதாசின் இடத்துக்கு மத்தியாசைத் தேர்ந்தெடுத்தது தவிர அவர்கள் செய்ததெல்லாம் ஜெபம். சபைக்குக் கோடை அப்படிப்பட்ட இடைவெளி என்றே நினைக்கிறேன். அதை நிகழ்ச்சிகளால் அடைக்க வேண்டாம், கதவைச் சாத்தவும் வேண்டாம். காத்திருந்தால் போதும்.

மே 14, செவ்வாய்

விடுமுறை வேதாகமப் பள்ளி, இரண்டாம் நாள். 1898இல் நியூயார்க்கில் எலைசா ஹாஸ் என்ற பெண்மணி, தெருவில் திரிந்த பிள்ளைகளுக்காக ஒரு மதுக்கூடத்தை வாடகைக்கு எடுத்துக் கோடையில் வேதாகமம் கற்பித்தார். இன்று எங்கள் கூடத்தில் இருந்த இரைச்சலைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். கிணற்றடிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு சிறுவன் எழுந்து, "வாளி இல்லாமல் எப்படித் தண்ணீர் தருவார், அண்ணா?" என்றான். அந்தப் பெண் கேட்டதும் இதையேதான். அவனை என் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் கேள்வியை அவனையே வாசிக்கச் சொன்னேன்.

மே 19, ஞாயிறு

பெந்தெகொஸ்தே, ஆவியானவர் இறங்கிய நாள். பீடத்தில் சிவப்பு விரிப்பு. பின்வரிசைகள் இன்னும் காலிதான், ஆனால் இன்று என் கண் அங்கே போகவில்லை.

மே 22, புதன்

பாட்டி ஒரு காகிதத் துண்டில் தங்கையின் தொலைபேசி எண்ணைக் கொண்டுவந்தார். ஆலயத் திண்ணையில் உட்கார்ந்து நான்தான் அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. காகிதத்தை மடித்துத் தம் வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டார். "பள்ளி திறந்தபிறகும் புதன்கிழமை திறந்திருக்குமா, தம்பி?" என்று கேட்டார். சாவி என்னிடம்தான் இருக்கிறது என்றேன்.