இரவல் கொடுக்க ஒரு ரோலர்பால்

இங்க் பேனா வைத்திருப்பவனுக்குப் பெரிய எதிரி, "பேனா இருக்கா சார்?" என்று கேட்பவர்தான். இல்லை என்று சொல்ல வழியில்லை, சட்டைப்பையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறதே! போன வருடம் பிப்ரவரியில், பெங்களூர் அல்சூரில் ஒரு வங்கி வரிசையில் நின்றபோது பின்னால் இருந்தவர் அப்படித்தான் கேட்டார். "ஒரே ஒரு சைன்" என்றார். கொடுத்தேன். பால்பாயின்ட்டை அழுத்துகிற அழுத்தில் செலானில் இரண்டு இழுப்பு இழுத்தார். நிப்பின் இரண்டு கால்களும் நண்டுக் கொடுக்குபோல விரிந்துவிட்டன. "பேனா சரியில்ல சார்" என்று திருப்பிக் கொடுத்தார்.

அன்றைக்கு எடுத்த முடிவுதான் இது: இரவல் கொடுக்க என்று தனியாக ஒரு பேனா. பத்து ரூபாய் பேனா ஒன்று போதாதா என்று மனைவி கேட்டாள். போதும்தான். ஆனால் பதினைந்து வருடமாகப் பேனா சேர்ப்பவன் கையிலிருந்து அது போனால், நம் பவிசு என்ன ஆவது? பார்க்க அழகாக இருக்க வேண்டும், யார் அழுத்தினாலும் தாங்க வேண்டும். அப்படித்தான் அதுவரை திரும்பிக்கூடப் பார்க்காத ரோலர்பால் பக்கம் வந்தேன்.

மூடி, கழுத்து, கனம் எல்லாம் இங்க் பேனா மாதிரியே இருக்கும். நிப்புக்குப் பதில் முனையில் ஒரு குண்டு. பால்பாயின்ட்டிலும் குண்டுதானே என்றால், வித்தியாசம் மையில். அதில் கெட்டியான எண்ணெய் மை, இதில் தண்ணீர் போன்ற மை அல்லது ஜெல். அதனால் அழுத்தாமலே ஓடும். 1960களில் ஜப்பானின் ஓட்டோ நிறுவனம் கொண்டுவந்த யோசனை. எனக்கு இதெல்லாம் தாமதமாகத்தான் தெரிந்தது. நாங்கள் நிப்புக்காரர்கள், கொஞ்சம் திமிர் உண்டு.

முதலில் வந்தது ஒரு சீனப் பேனா. உடம்பெல்லாம் தங்க நிறத்தில் டிராகன் சுற்றிக்கொண்டிருக்கும், கண்ணுக்குச் சிவப்புக் கல். மகள் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்பா, இதுல எழுதுவீங்களா, கற்பூரம் காட்டுவீங்களா?" என்றாள். உள்ளே இருந்த ரீஃபில் வரும்போதே காய்ந்து போயிருந்தது. சரி, ரீஃபில்தானே என்று மெட்ரோ பிடித்துச் சிக்பேட்டையில் இறங்கி அவென்யூ ரோட்டுக்கு நடந்தேன்.

அங்கே நான்காவது கடையில் ஒரு பெரியவர், கன்னடம் கலந்த தமிழில், "எல்லாரும் பேனா வாங்கறாங்க சார், ரீஃபில் கேக்கறவங்க யாரு?" என்றார். பழைய ரீஃபிலை அவரிடமே இருந்த இரும்பு ஸ்கேலில் வைத்துப் பார்த்தோம். ஏறக்குறைய 11 சென்டிமீட்டர். பார்க்கர் பால்பாயின்ட் அளவு ரீஃபில் 10 சென்டிமீட்டருக்கும் குறைவு, அது உள்ளே போய் லொடலொடக்கும். பைலட் ஜி2வின் ஜெல் ரீஃபிலை எடுத்துக் கொடுத்தார். "வால் பக்கம் துளி சீவுங்க, உக்காந்துடும்."

துளி என்றுதான் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து பிளேடால் சீவினேன், மூடிப் பார்த்தேன், இன்னும் கொஞ்சம் சீவினேன். மூன்றாவது முறை முனை உள்ளே போய்விட்டது. பின்னால் முட்டுக் கொடுக்க ரப்பர் துண்டு ஒன்றை அளவாக வெட்டித் திணித்தேன். கச்சிதம். அரைப் பக்கம் அருமையாக எழுதியது, பிறகு கோடு மெலிந்தது, அப்புறம் நின்றே போனது. முனையை உதறினேன், வெந்நீரில் காட்டினேன், பயனில்லை. மறுநாள் ரப்பரை எடுத்ததும் தானாக எழுத ஆரம்பித்தபோதுதான் உறைத்தது. ஜெல் குழாயின் வால் திறந்திருக்க வேண்டும். மை இறங்க இறங்கப் பின்னாலிருந்து காற்று வந்தால்தான் அதன்மேல் உள்ள கிரீஸ் அடைப்பு கூடவே நகரும். நான் வாலுக்குத் தக்கை போட்டு அடைத்திருக்கிறேன். பழைய ரீஃபில் குழாயிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் வளையம் நறுக்கி வைத்தேன். முட்டும் ஆச்சு, காற்றுக்கு வழியும் ஆச்சு. இன்றுவரை அந்த வளையம்தான் ஓடுகிறது.

முனை அளவில் ஒரு விஷயம். 0.7 மில்லிமீட்டர் ரீஃபிலில் ஆங்கிலம் எழுத சுகமாக இருக்கிறது. தமிழ் எழுதினால், நான் எழுதும் பொடி எழுத்துக்கு, 'ண'வின் சுழிகள் மை நிரம்பிப் பொட்டாகிவிடுகின்றன. 0.5க்கு மாறினேன். பேனாவையும் கொஞ்சம் நிமிர்த்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது. நிப்புக்குச் சாய்த்தே பழகிய கை, முதல் பத்து நாள் முரண்டு பிடித்தது.

ஜூனில் மைசூர் போகும் வழியில் சென்னபட்டணத்தில் நிறுத்தினோம். பொம்மைக்குப் பெயர்போன ஊர், பெங்களூரிலிருந்து அறுபது கிலோமீட்டர்தான். கடைசல் மரப் பேனா ஒன்று வாங்கினேன். பாதி மஞ்சள், பாதி குங்குமச் சிவப்பு. பாலை மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராயும் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் படியும், பிறகு தாழை ஓலையை வைத்துத் தேய்த்தால் பளபளப்பு வரும். இறகு மாதிரி கனம். வாங்கிய வாரமே என் மைக்கறை விரல்கள் அதில் நீலத் திட்டு ஒன்றைப் பதித்துவிட்டன. பஞ்சில் சானிடைசர் நனைத்துத் துடைத்தேன். நீலம் போனது. பஞ்சு மஞ்சளாக இருந்தது! இன்னொரு முறை துடைத்தேன் (புத்தி எங்கே போச்சோ), இன்னும் மஞ்சள். அரக்கு ஆல்கஹாலில் கரையும் என்பது பள்ளியில் படித்திருக்க வேண்டிய விஷயம். கட்டைவிரல் படும் இடத்தில் இப்போது வெறும் மரம் தெரிகிறது. மனைவி அதை வாங்கி மளிகைக் கணக்கு எழுத வைத்துக்கொண்டாள்.

இங்க் பேனாவின் மை அடைத்த கார்ட்ரிட்ஜையே போடுகிற ரோலர்பாலும் ஒன்று முயன்றேன். இரண்டு உலகத்துக்கும் பாலம் என்று ஆசைப்பட்டதுதான் மிச்சம். நீலம் தீர்ந்து பச்சை போட்டால் ஒரு மாதம் பாசி நிறத்தில் எழுதுகிறது. உள்ளே இருக்கும் திரி பழைய மையை விடுவதில்லை, நிப்பைக் கழுவுவதுபோல இதைக் கழுவ முடியாது. ஒரே நிறம் போதும் என்பவர்களுக்குச் சரிப்படும். எனக்கு இல்லை.

ஆகஸ்டில் சென்னை போய்த் திரும்பியபோது நடந்ததுதான் ரோலர்பால்மேல் எனக்கு மரியாதை வரவைத்தது. பையில் மூன்று பேனா. ஃபில்லரால் உடம்புக்குள் நேரே மை ஊற்றும் எபனைட் (கெட்டி ரப்பர்) பேனா, பாதி மையோடு. கூடவே டிராகன், அப்புறம் ஒரு சாதாரண ஜெல். சென்னை கடல் மட்டம், பெங்களூர் சுமார் 900 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. பாதி காலியான பேனாவுக்குள் அடைபட்ட சென்னைக் காற்று, ரயில் மேலேற மேலேற விரிந்து மையை நிப்புக்கு அடியிலுள்ள நாக்கு வழியாக வெளியே தள்ளும். கன்டோன்மென்ட்டில் இறங்கி மூடியைத் திறந்தேன், கழுத்து முழுக்க மை, விரல் முழுக்க மை. ஜெல் இரண்டும் ஒன்றுமே நடக்காததுபோல இருந்தன. வால் திறந்த குழாயில் அடைபட்டு விரியக் காற்று ஏது? இப்போது ஊருக்குப் போனால் எபனைட்டை வழிய வழிய நிரப்பிக்கொள்கிறேன், அல்லது காலி செய்துவிடுகிறேன். நிப்பை மேல்நோக்கி வைப்பதும் உதவுகிறது.

சரஸ்வதி பூஜைக்கு எல்லாப் பேனாவையும் புத்தக அடுக்கின்மேல் வைத்தோம். டிராகனின் செதில் இடுக்குகளில் புகுந்த சந்தனத்தை எடுக்க எனக்கு ஒரு பழைய டூத் பிரஷ்ஷும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் தேவைப்பட்டன. மகள் சொன்னாளே, கற்பூரம் என்று!

கடைசியாகச் சேர்ந்தது பிதரி வேலைப்பாடு. எம்.ஜி. ரோடு காவேரி எம்போரியத்தில் பிதரிக் குடுவைகளைப் பார்த்துப் பார்த்து ஏங்கியவன் நான். துத்தநாகத்தில் கொஞ்சம் செம்பு கலந்த உலோகம், அதில் வெள்ளிக் கம்பியைப் பதித்து, பீதர் கோட்டை மண்ணும் நவச்சாரமும் கலந்த நீரில் காய்ச்சினால் உலோகம் மட்டும் கறுக்கும், வெள்ளி வெள்ளையாகவே நிற்கும். தெரிந்தவர் ஒருவர் மூலம் அதில் ஒரு ரோலர்பால் கிடைத்தது. கறுப்பில் வெள்ளிக் கொடி, மூடியிலிருந்து உடம்புக்கு ஒரே ஓட்டமாக இறங்கும். மூடியைத் திருகும்போது கொடி சரியாகச் சேர்ந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். கனம் அதிகம், இரண்டு பக்கத்துக்கு மேல் மணிக்கட்டு கெஞ்சும். டைரியும் கடிதமும் இன்னும் நிப்பில்தான். இது கையெழுத்துக்கு மட்டும்.

போன வாரம் அதே வங்கி. ஒரு பாட்டி பக்கத்தில் வந்து, "தம்பி, பேனா இருந்தா குடுப்பா" என்றார். பையிலிருந்து பிதரியை எடுத்து, மூடியைத் திருகிக் கழற்றிக் கொடுத்தேன். படிவத்தில் அழுத்தி, நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகப் பேர் எழுதினார். பிறகு பேனாவை உள்ளங்கையில் ஏந்தி எடை பார்த்தார்.

"வெள்ளியாப்பா? கொலுசு மாதிரி கனக்குதே."

"கொஞ்சம் வெள்ளி இருக்கும்மா."

"எங்கிட்ட ஏன் குடுத்தே? யாராச்சும் தூக்கிட்டுப் போயிடுவாங்க" என்று அவசரமாகத் திருப்பிக் கொடுத்தார்.