படிப்பு மாதிரியே இருக்கும் ஸ்க்ரோலிங்

டிஎன்பிஎஸ்சி நடத்தும் குரூப் 4 அரசு வேலைத் தேர்வுக்குப் படிப்பவரிடம் ‘போனைத் தூக்கி அலமாரியில் வை’ என்று சொல்வது சுலபம். ஆனால் வகுப்பு யூடியூபில் நடக்கிறது. சமச்சீர் புத்தகம் பிடிஎஃப்பாக இருக்கிறது. நடப்பு நிகழ்வுகள் டெலிகிராம் குழுவில் வருகின்றன. விண்ணப்பத்துக்கான ஓடிபியும் அதே போனுக்குத்தான் வரும். அதனால் அம்மா ‘எப்பப் பாரு போன்தானா’ என்று கேட்டால் ‘படிக்கிறேம்மா’ என்று சொல்லிவிடலாம். பாதி நேரம் அது உண்மையும்கூட.

மீதிப் பாதிதான் சிக்கல். ரீல்ஸ் பார்த்தால் நேரம் வீண் என்று எல்லோருக்கும் தெரியும், பார்த்து முடித்ததும் கொஞ்சமாவது உறுத்தும். உறுத்தாத வகை ஒன்று இருக்கிறது. ‘இந்த முறை கட் ஆஃப் எவ்வளவு’, ‘காலிப் பணியிடம் கூடுமா’, முதல் முயற்சியிலேயே தேர்ச்சி பெற்றவரின் பேட்டி, கடைசி ஒரு மாதத்தில் எதைப் படிக்கலாம் என்ற ஆலோசனை. ஒரு மணி நேரம் இவற்றைப் பார்த்துவிட்டு எழுந்தால் படித்த களைப்பே வரும், ஆனால் படித்த வரி ஒன்றுகூட இருக்காது. நூலகத்தில் என்னோடு படித்தவர்களின் நேரத்தை இன்ஸ்டாகிராமைவிட இதுதான் அதிகம் தின்றது என்பேன். இத்தனைக்கும் தேர்வே நடக்காதபோது கட் ஆஃப் யாருக்கும் தெரிந்திருக்க முடியாது.

இதைப் பிரித்துப் பார்க்க நாங்கள் வைத்திருந்த அளவுகோல் எளிது: பார்த்து முடித்த வீடியோவிலிருந்து தேர்வில் வரக்கூடிய ஒரு கேள்வியை உங்களால் எழுத முடிகிறதா? முடிந்தால் அது வகுப்பு. முடியாவிட்டால் பொழுதுபோக்கு. பொழுதுபோக்கு தப்பில்லை, படிப்புக் கணக்கில் எழுதிக்கொள்ளாமல் இருந்தால் சரி.

விரல் ஏன் நிற்பதில்லை என்பதற்குக் காரணம் நம் சோம்பேறித்தனம் மட்டும் இல்லை. முன்பெல்லாம் இணையப் பக்கத்தின் அடியில் ‘அடுத்த பக்கம்’ என்று ஒன்று இருக்கும். அங்கே வந்ததும் போதுமா, வேண்டுமா என்று ஒரு கணம் யோசிப்போம். 2006-இல் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் முடிவே இல்லாமல் கீழே போய்க்கொண்டிருக்கும் பக்கத்தை உருவாக்கினார். பின்னாளில் அதற்காக அவரே வெளிப்படையாக வருத்தப்பட்டிருக்கிறார். அதோடு அடுத்து வருவது நன்றாக இருக்குமா, குப்பையா என்று முன்கூட்டியே தெரியாது. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்காகப் புறாக்கள் விடாமல் கொத்திக்கொண்டே இருந்ததை உளவியலாளர் ஸ்கின்னர் சென்ற நூற்றாண்டிலேயே காட்டிவிட்டார். அப்படி இருக்க, மன உறுதியை மட்டும் நம்பி இதோடு மல்லுக்கட்டுவது வீண் வேலை.

எனக்குப் பலன் தந்தது, படிப்பைப் போனிலிருந்து வெளியே எடுத்ததுதான். ஆறாம் வகுப்பிலிருந்து பழைய பாடப்புத்தகங்களைப் பாதி விலைக்கு வாங்கினேன், கிடைக்காத பாடங்களை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தேன். செலவுதான், ஆனால் ஒரு இயலைத் திறந்தால் அது ஏதோ ஒரு பக்கத்தோடு முடிந்துவிடும். படிக்கும்போது எழும் சந்தேகங்களை உடனே போனில் தேடாமல் ஒரு தாளில் எழுதி வைத்து, மாலையில் மொத்தமாகத் தேடினேன். மாலையில் அந்தத் தாளைப் பார்த்தால் பாதிக் கேள்விக்கு விடை அடுத்த பத்தியிலேயே இருந்திருக்கும்.

யூடியூபில் பார்வை வரலாற்றை அழித்து, அதை நிறுத்தியும் வையுங்கள். முகப்பில் பரிந்துரை வீடியோக்கள் வராது, வெறும் தேடல் பெட்டிதான் இருக்கும். வேண்டிய பாடத்தைத் தேடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். டெலிகிராமில் எல்லாக் குழுக்களையும் மியூட் செய்து, தானாகப் பதிவிறங்குவதையும் நிறுத்துங்கள்; இருபது குழுவிலும் வருவது பெரும்பாலும் ஒரே பிடிஎஃப்தான். ஆப் டைமர் எனக்கு உதவவில்லை. நேரம் முடிந்ததும் அதை நீட்டிக்கும் வழியும் நம் கையிலேயே இருக்கிறதே! திரையைக் கறுப்பு வெள்ளையாக்குவது சிலருக்குப் பலன் தருகிறது, ஆனால் புவியியல் வரைபடம் பார்க்கும்போது திட்டுவீர்கள். நூலகத்துக்கு வரும் அண்ணன் ஒருவர் சிம்மைப் பட்டன் போனில் போட்டுக்கொண்டு ஸ்மார்ட்போனை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவார். அழைப்பு வரும், ஓடிபி வரும், வேறு எதுவும் வராது. கடைசி மாதங்களுக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றைக் கவனித்துப் பாருங்கள். சலிப்பு வரும்போது கை போனுக்குப் போகிறது என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் அது போனது கணக்கு மாட்டிக்கொண்டபோது. கூட்டு வட்டியில் இரண்டாவது வரி வரவில்லை என்றால், மூன்றாவது வரிக்குப் பதில் போன் கையில் இருக்கும். அதனால் மாட்டிய கணக்குக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போவதைப் பழக்கமாக்கினேன். தேர்வறையிலும் செய்யப்போவது அதைத்தானே.

தேர்வறை என்றதும் நினைவுக்கு வருகிறது. 200 கேள்விகள், 3 மணி நேரம். ஒரு கேள்விக்குச் சராசரியாக 54 விநாடி, ஓஎம்ஆர் தாளில் நிரப்பும் நேரமும் அதற்குள்தான். தமிழ்ப் பகுதியில் 150 மதிப்பெண்ணுக்கு 60 வராவிட்டால் மற்றதை எவ்வளவு நன்றாக எழுதியும் பயனில்லை. பதினைந்து விநாடிக்கு ஒரு வீடியோ என்று பழகிய கண்ணுக்கு, நீளமான ‘பொருத்துக’ கேள்வியை இரண்டு முறை படிப்பதே பெரிய பாடாக இருக்கும். ஆகவே மாதிரித் தேர்வை மூன்று மணி நேரமும் இடத்தை விட்டு எழாமல், போன் வேறு அறையில் இருக்க, தாளில் எழுதிப் பாருங்கள். முதல் சில முறை நூறாவது கேள்வியைத் தாண்டும்போது கை துறுதுறுக்கும். அப்புறம் அடங்கிவிடும்.

ஸ்க்ரோலிங் மறுபடி மோசமாக வரும் காலம், தேர்வு முடிந்த பிறகு. அன்று மாலையே ஆளுக்கொரு விடைக்குறிப்பு போடுவார்கள், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. ஆணையத்தின் உத்தேச விடைக்குறிப்பு வரும்வரை எதையும் பார்க்காதீர்கள். வந்ததும் ஒரே முறை உட்கார்ந்து கணக்குப் பாருங்கள், ஆட்சேபனை இருந்தால் கெடுவுக்குள் பதிவு செய்யுங்கள். முடிவு வர மாதங்கள் ஆகும். அதற்குள் குரூப் 2 பாடத்திட்டத்தில் புதிதாக என்ன இருக்கிறது என்று அச்செடுத்து வைத்துக்கொண்டு தொடங்கிவிடலாம்.